வீட்டுச் சவர்க்காரம் கடைத்தட்டில் நிலைக்க என்ன வேண்டும்?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என எமது கரையோர ஊர்களில் எதனை எடுத்தாலும், வீட்டிலேயே சவர்க்காரமும் முகத்துக்குப் பூசும் மாவும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் மருதோண்டிக் கோனும் பாத்திரம் கழுவும் திரவமும் செய்து விற்கும் சகோதரிகளை இன்று காண முடிகின்றது. சிலர் அயல் வீடுகளுக்கு விற்கிறார்கள். சிலர் தொலைபேசியில் படம் போட்டு விற்கிறார்கள். இன்னும் சிலர் மகனையோ தம்பியையோ கடைக்கு அனுப்பி, "காக்கா, இது கெமிக்கல் இல்லாத சாமான், ரெண்டு டசின் வெச்சுப் பாருங்களேன்" என்று கேட்கிறார்கள்.

நல்ல முயற்சிதான். ஆனால் வியாபாரிகளாகிய எமக்குத் தெரிந்த இன்னொரு விடயமும் உண்டு. இப்படி வரும் பெயர்களில் பெரும்பாலானவை அடுத்த வருடம் தட்டில் இருப்பதில்லை. நுரை போதாது என்பதனால் அவை மறைவதில்லை. முதல் முறை வாங்கிய அதே தரம் இரண்டாம் முறை கிடைக்கவில்லை, அல்லது யாருக்கோ தோல் எரிந்துவிட்டது, அல்லது செய்தவரின் கையில் அடுத்த தொகுதிக்குக் காசு இல்லை. காரணம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் இரண்டும் செய்பவரின் பொறுப்பு. மூன்றாவது பெரும்பாலும் கடைக்காரரின் கையில் இருக்கின்றது. இந்த மூன்றையும் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது.

அடுப்படியில் தொடங்கிய பெயர்கள்

வீட்டில் செய்யும் சவர்க்காரம் பொழுதுபோக்கு வேலை என்று நினைப்பவர்கள் எம்மில் பலர். தமிழ்நாட்டில் பிறந்த மெடிமிக்ஸ் சவர்க்காரத்தின் கதையை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சென்னையில் ரயில்வே வைத்தியராக இருந்த வி.பி. சித்தன் என்பவர், தன்னிடம் தோல் வருத்தத்தோடு வந்த தொழிலாளர்களுக்காகத் தனது குடும்பத்தின் மூலிகை எண்ணெய் வைத்தியத்தைச் சவர்க்காரமாக மாற்றினார். 1969 ஆம் ஆண்டு வீட்டில், மனைவியின் துணையோடு தொடங்கிய வேலை அது. கையால் காய்ச்சி, கையால் வெட்டிய அந்தப் பச்சைக் கட்டி பின்னர் இந்தியா முழுவதும் அறியப்பட்ட பெயராகியது. அதற்கு முன்னரே, 1940 இல், கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடையில் சி.ஆர். கேசவன் வைத்தியர் தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு சந்திரிகா சவர்க்காரத்தைத் தொடங்கினார்.

எமது நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1941 இல் ஆரம்பிக்கப்பட்ட சுவதேசி நிறுவனத்தின் கொஹொம்ப சவர்க்காரத்தை அறியாதவர் இல்லை. சிங்களத்தில் கொஹொம்ப என்றால் வேம்பு. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நிற்கும் மரத்தின் பெயரையே பொருளின் பெயராக்கி, சந்தையில் தலைமுறைகள் தாண்டி நிற்கிறார்கள்.

இன்னும் தூரம் போனால் பலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரமும் சிரியாவின் ஹலப் நகரமும் இருக்கின்றன. நாப்லுஸ் சவர்க்காரம் ஒலிவ எண்ணெய், நீர், காரம் ஆகிய மூன்றினால் மட்டுமே செய்யப்படுகின்றது. காய்ச்சியதை நிலத்தில் பரப்பி, ஆறிய பின்னர் வெட்டி, தயாரிப்பாளரின் முத்திரையைக் கையால் குத்தி, கோபுரம் போல் அடுக்கிக் காய வைப்பார்கள். ஹலப் சவர்க்காரத்தில் ஒலிவ எண்ணெயோடு லோரல் எண்ணெய் சேரும். அது பல மாதங்கள் காய்ந்த பிறகே விற்பனைக்கு வரும். இவ்விரண்டு தொழில்களையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. யுத்தங்களையும் இடிபாடுகளையும் கண்ட ஊர்களில் ஒரு கட்டிச் சவர்க்காரம் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அந்த முத்திரையைப் பார்த்தவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதுதான்.

2022 தந்த வாய்ப்பு

எமது பகுதியில் இந்த வீட்டுத் தொழில் வேகம் பிடித்தது பொருளாதார நெருக்கடியின்போது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. சவர்க்காரத்தின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. அதே வருடம் ஆகஸ்டில் ஷம்பூ, வாசனைத் திரவியம், அழகுசாதனப் பொருட்கள் உட்பட 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் இடைநிறுத்தியது. தட்டில் இடம் காலியாக இருந்தது. வீட்டுச் சவர்க்காரம் அந்த இடத்துக்கு வந்தது.

பின்னர் இறக்குமதி திரும்பவும் திறந்தது. பழைய பெயர்கள் தட்டுக்குத் திரும்பின. வேறு பொருள் இல்லாததனால் வாங்கியவர்கள் விலகிச் சென்றார்கள். தட்டுப்பாட்டினால் கிடைக்கும் வாடிக்கையாளர் தட்டுப்பாடு முடியும் வரைதான் இருப்பார். அதன் பிறகும் அவர் வர வேண்டுமானால் பொருளில் ஒரு சீர் இருக்க வேண்டும். அந்தச் சீர் தராசில் தொடங்குகின்றது.

அகப்பை அளவு போதாது

எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் நீரில் சேர்ந்து வேறொரு பொருளாக மாறுவதே சவர்க்காரம். கணக்கு சரியாக இருந்தால், செய்து முடித்த கட்டியில் கோஸ்டிக் சோடா மிஞ்சாது. பிழைத்தால் மிஞ்சும். மிஞ்சியது தோலை எரிக்கும்.

1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாறச் சுமார் 183 கிராம் கோஸ்டிக் சோடா தேவை. உடுப்புத் துவைக்கும் கட்டி என்றால் அதற்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டால் போதும். உடம்புக்கு என்றால் 150 கிராம் அளவுக்குக் குறைப்பது நல்லது. ஏனெனில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், உவர்த் தண்ணீரிலும் நுரைக்கும், ஆனால் தோலை வரட்டிவிடும் குணம் அதற்கு உண்டு. மாறாமல் மிஞ்சும் எண்ணெய் அந்த வரட்சியைக் குறைக்கும்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் இந்தக் கணக்கு வேறு. 1 கிலோ ஒலிவ எண்ணெய்க்குச் சுமார் 135 கிராம் போதும். ஆமணக்கெண்ணெய்க்கு அதனை விடவும் குறைவு. தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று வேறு எண்ணெயை ஊற்றி, பழைய 150 கிராமையே போட்டால் என்ன நடக்கும்? ஒலிவ எண்ணெயில் 15 கிராம் கோஸ்டிக் சோடா அப்படியே மிஞ்சி நிற்கும். பார்வைக்கு நல்ல கட்டிதான். குழந்தையின் முகத்தில் பட்ட பிறகே பிழை தெரியும். 2024 இன் இறுதியிலும் 2025 இலும் தேங்காய் விலை ஏறியபோது பலருக்கும் எண்ணெயை மாற்றும் எண்ணம் வந்திருக்கும். எண்ணெய் மாறினால் கணக்கும் மாற வேண்டும் என்பதைச் செய்பவர் ஒருபோதும் மறக்கக் கூடாது.

ஆகவே கரண்டியாலும் கோப்பையாலும் அளக்கும் பழக்கம் இத்தொழிலுக்கு உதவாது. 1 கிராம் வரை காட்டும் சிறிய மின் தராசே முதல் முதலீடு. நீரையும் நிறுத்தே எடுக்க வேண்டும். சோடாவின் நிறையைப் போல் இரண்டு மடங்கு நீர் போதுமானது. சோடாவைத்தான் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டியைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது. கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றும் வாயுவை வெளியேற்றும். எவர்சில்வர் பாத்திரமோ தடித்த பிளாஸ்டிக் வாளியோ பாவிக்கலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்டால் தேசிக்காயோ வினாகிரியோ தேட வேண்டாம். ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இந்தச் சோடாவைச் சீனிப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ போட்டு வைக்கவே கூடாது.

இரண்டும் ஒன்று சேர்ந்து கஞ்சிப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றலாம். தேங்காய் எண்ணெய்க் கட்டி விரைவாக இறுகும்; முற்றாக இறுக முன்னர் வெட்டாவிட்டால் உடைந்து போகும். வெட்டிய கட்டிகளைக் காற்றோட்டமான நிழலில் 4 முதல் 6 வாரங்கள் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு கடைக்கு அனுப்பினால், 100 கிராம் என்று எழுதிய கட்டி தட்டிலேயே காய்ந்து 90 கிராம் ஆகிவிடும். நிறுவையில் குறைந்த பொருளை விற்றவர் என்ற பெயர் கடைக்காரருக்கு வரும்.

பரிசோதிப்பதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. அமிலம், காரம் காட்டும் காகிதத் துண்டுகள் விற்பனைக்கு உண்டு. நல்ல சவர்க்காரத்தின் நுரையில் அது 9 அல்லது 10 காட்டும். 11 ஐத் தாண்டினால் அந்தத் தொகுதியை உடம்புக்கு விற்கக் கூடாது.

"இயற்கை" என்ற சொல்லின் பெறுமதி

அண்மைக் காலத்தில் மிக மலிவாகிப் போன சொல் "இயற்கை" என்பதுதான். கற்றாழைச் சாறும் தயிரும் தேங்காய்ப் பாலும் இயற்கையானவைதான். அவற்றை அரைத்து ஒரு டப்பாவில் அடைத்து வெயிலடிக்கும் தட்டில் வைத்தால், அதில் வளரும் கிருமியும் இயற்கையானதுதான். நீர் சேர்ந்த எந்தப் பூச்சும் பாதுகாப்புப் பொருள் சேர்க்காமல் சில நாட்களுக்கு மேல் தாங்காது. குளிரூட்டியில் வைத்தாலும் சிறிது காலமே தாங்கும். ஆகவே புதிதாக இத்தொழிலைத் தொடங்குபவர் நீர் இல்லாத பொருட்களிலிருந்து தொடங்குவதே புத்தி. நன்றாகக் காய்ந்த பயற்றம் மா, சீயாக்காய்த் தூள், கஸ்தூரி மஞ்சள், வேப்பிலைத் தூள், மூலிகை போட்டுக் காய்ச்சி வடித்த எண்ணெய், சவர்க்காரக் கட்டி ஆகியவை அந்த வகை. எமது மூத்தம்மாமார் பயறும் மஞ்சளும் அரைத்துக் காயவைத்து வைத்துக்கொண்டதில் இந்த அறிவு இருந்தது. நகை வேலை செய்பவர்கள் தங்கத்தையும், துணிக்காரர்கள் பட்டையும் கழுவப் பூந்திக்கொட்டையை வைத்திருந்ததும் அவ்வாறுதான். காய்ந்த கொட்டை கெடாது.

தூளிலும் ஏமாற்று உண்டு. 2020 இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை எகிறியபோது, அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த மஞ்சள் தூள் பிடிபட்ட செய்திகளை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே மஞ்சளைக் கிழங்காக வாங்கி, தானே காயவைத்து அரைப்பவரின் தூளுக்கு ஒரு விலை உண்டு. அதை அவர் லேபலில் எழுதினால் இன்னும் நல்லது.

மருதோண்டிக் கோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தால் எமது ஊர்களில் மிக வேகமாக விற்கும் பொருள் இது. உண்மையான மருதோண்டி இலை செம்மஞ்சளாகத் தொடங்கி, ஒரு நாள் இரண்டு நாளில் கபில நிறமாகும். சில மணி நேரம் கையில் இருக்க வேண்டும். பூசி அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கோனில் வேலை செய்வது இலை அல்ல. தலைமயிர்ச் சாயத்தில் பாவிக்கும் பிபிடி என்ற இரசாயனத்தை அதில் கலக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இதனை நேரடியாகத் தோலில் பூச அனுமதிப்பதில்லை. சிலருக்குக் கொப்புளம் போட்டுத் தழும்பு நிற்கும். ஒரு தடவை அப்படியானவருக்கு வாழ்நாள் முழுவதும் மயிர்ச் சாயமும் ஒவ்வாமல் போகலாம். பெருநாளில் பிள்ளையின் கை வெந்து போனால், கோன் செய்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. விற்ற கடையின் பெயர்தான் ஊருக்குத் தெரியும்.

வெள்ளையாக்கும் கிறீம்கள் அதை விடவும் பாரதூரமானவை. பாதரசம் கலந்த கிறீம் தோலின் நிறம் உருவாவதைத் தடுக்கிறது, ஆகவே சில வாரங்களில் "பலன்" தெரிகிறது. அதே பாதரசம் தோலின் வழியாக உடம்புக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. ஜப்பானில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசத்தினால் மினமாட்டா என்ற கரையோர ஊர் மக்கள் பட்ட துயரம் 1956 இல் வெளிவந்தது. அந்த ஊரின் பெயரால் 2013 இல் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. ஆரம்பத்தில் அழகுசாதனப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று அந்த உடன்படிக்கை சொன்னது. 2023 இல் அந்த விதிவிலக்கையும் நீக்கி, 2025 உடன் முற்றாக நிறுத்தத் தீர்மானித்தார்கள்.

கடைக்காரர் இதை எப்படி அறிவது? பெட்டியில் தயாரிப்பாளரின் முகவரி இல்லை, உள்ளடக்கம் எழுதப்படவில்லை, வெள்ளி தங்க நகைகளில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை இருக்கிறது என்றால் அந்தப் பெட்டியைத் தொடாமல் விடுவது நல்லது. பாமசியில் வாங்கிய ஸ்டீரொயிட் கிறீமை வேறு கிறீம்களோடு கலந்து, பெயரில்லாத டப்பாவில் "வீட்டுத் தயாரிப்பு" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து போகும். இதற்கு வீட்டுத் தொழில் என்று பெயர் சூட்டுவது, நேர்மையாகச் சவர்க்காரம் காய்ச்சும் சகோதரிகளுக்குச் செய்யும் அநியாயமாகும்.

கழுவும் திரவங்கள்

பாத்திரம் கழுவும் திரவத்திலும் இந்த நேர்மை வேண்டும். எமது ஊர்களில் விற்கும் வீட்டுத் திரவங்களில் அநேகமானவை, கொழும்பு இரசாயனக் கடைகளில் வாங்கும் டெக்ஸாபோன் என்ற பசையை நீரில் கரைத்து, உப்புப் போட்டுத் தடிப்பாக்கி, நிறமும் வாசமும் சேர்த்துச் செய்பவை. அதில் பிழை ஒன்றும் இல்லை. பெரிய கம்பனிகளும் அதே இனத்துப் பொருளைத்தான் பாவிக்கின்றன. நான்கு துளி தேசிக்காய்ச் சாறு விட்டு "நூறு வீதம் இயற்கை" என்று எழுதுவதுதான் பிழை. அதற்குப் பதிலாக "உள்ளூரில் செய்தது, நியாயமான விலை, வெற்றுப் போத்தலைக் கொண்டு வந்தால் விலைக் கழிவு" என்று எழுதலாம். அதுவே உண்மை, அதுவே விற்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குடிதண்ணீர்ப் போத்தலில் மஞ்சள் நிறத் திரவம் இருந்தால் பிள்ளைக்கு அது சர்பத்தாகவே தெரியும். கழுவும் திரவத்துக்கும் மலசலகூடம் கழுவும் அமிலத்துக்கும் குடிபானப் போத்தல் ஒருபோதும் ஆகாது.

லேபலும் கொப்பியும்

வீட்டில் செய்யும் பொருளுக்கும் கடையில் விற்கும்போது சட்டம் ஒன்றுதான். பொருளின் பெயர், தேறிய நிறை, உயர்ந்தபட்ச சில்லறை விலை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி ஆகியவை லேபலில் இருக்க வேண்டும். இவை இல்லாத பொருளோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அதிகாரிகளிடம் அகப்படுபவர் செய்தவர் அல்ல, தட்டில் வைத்த கடைக்காரர். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். அங்குள்ள விதாதா வள நிலையங்கள் சிறு உற்பத்தியாளர்களுக்குத் தொழில்நுட்ப வழிகாட்டலுக்காகவே அமைக்கப்பட்டவை. பொருளைப் பரிசோதிக்கக் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கின்றது. தரத்துக்கான எஸ்.எல்.எஸ். இலச்சினையை இலங்கை கட்டளைகள் நிறுவனம் வழங்குகின்றது. முதல் நாளே அதற்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தரத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை வாசித்து வைத்துக்கொண்டு தொழில் செய்பவருக்கு ஒரு நாள் அது கைகூடும்.

லேபலை விட முக்கியமானது ஒரு சாதாரணக் கொப்பி. எந்தத் திகதி, எந்த எண்ணெய் எத்தனை கிராம், சோடா எத்தனை கிராம், எந்தக் கடைக்கு எத்தனை கட்டி என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடையிலிருந்து முறைப்பாடு வந்தால் அந்தக் கொப்பியைப் பார்த்து அந்தத் தொகுதியை மட்டும் திருப்பி எடுக்கலாம். கொப்பி இல்லாதவர் எல்லாக் கடைகளிலும் உள்ள எல்லாவற்றையும் இழப்பார்.

ஹலால் விடயத்திலும் வீட்டுத் தயாரிப்பாளருக்கு ஓர் அனுகூலம் இருக்கின்றது. உலகில் பல சவர்க்காரங்கள் மிருகக் கொழுப்பில் செய்யப்படுகின்றன. கிளிசரினும் மிருகக் கொழுப்பிலிருந்தோ தாவர எண்ணெயிலிருந்தோ வரலாம். 2013 இன் இறுதியோடு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ் வழங்கும் பணியிலிருந்து விலகிய பின்னர், 2014 முதல் தனியான நிறுவனமொன்று அதனைச் செய்து வருகின்றது. சான்றிதழுக்குச் செலவழிக்க முடியாத சிறு தயாரிப்பாளர் "தேங்காய் எண்ணெய், கோஸ்டிக் சோடா, நீர், வேப்பெண்ணெய்" என்று உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும். எந்த சமூகத்தவரும் சந்தேகமின்றி வாங்குவர்.

கணக்கைப் பார்ப்போம்

1 கிலோ தேங்காய் எண்ணெய், 150 கிராம் சோடா, 300 கிராம் நீர் சேர்ந்தால் 1,450 கிராம். அதை 12 கட்டியாக வெட்டினால் ஒவ்வொன்றும் 120 கிராம். காய்ந்த பிறகும் 100 கிராமுக்குக் குறையாது. ஒரு டசின் சரியாக வருகின்றது.

உதாரணத்துக்கு எண்ணெய்க்கும் சோடாவுக்கும் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டி 100 ரூபாய். 140 ரூபாய்க்குக் கடைக்குக் கொடுத்து 40 ரூபாய் இலாபம் என்று பலர் மகிழ்கிறார்கள். காகிதம், லேபல், கூலி, போக்குவரத்து, உடைந்த கட்டி, வீட்டுக்கு வந்தவருக்குச் சும்மா கொடுத்தது எல்லாம் சேர்த்தால் செலவு 1,800 ரூபாயாகிவிடும். ஒரு கட்டி 150 ரூபாய். 40 ரூபாய் இலாபம் என்று நினைத்தது உண்மையில் 10 ரூபாய் நட்டம். தன் உழைப்புக்குக் கூலி போடாத கணக்கு கணக்கே அல்ல. பொருட்களின் விலை மாறும், கணக்கின் முறை மாறாது.

பொதியிலும் புத்தி வேண்டும். தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983 இல் 15,000 இந்திய ரூபாய் முதலோடு சிக் ஷம்பூவைத் தொடங்கினார். ஷம்பூவைச் சிறிய உறையில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர்களில் ஒருவர் அவருடைய தந்தை. மகன் வெற்று உறைகளைத் திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு ஓர் உறை இலவசம் என்று அறிவித்து, கிராமங்களில் சந்தையைப் பிடித்தார். பின்னாளில் கெவின்கேர் என்ற பெரிய நிறுவனமாக அது வளர்ந்தது. ஆனால் எமது நாட்டில் உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களை 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராம் வரையான சிறிய பிளாஸ்டிக் உறைகளில் அடைப்பது 2021 மார்ச் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே அந்த வழியை அப்படியே பின்பற்ற முடியாது. காகிதத்தில் சுற்றிய 25 கிராம் கட்டிக்கு அந்தத் தடை இல்லை. பொத்துவில், அறுகம்பே பகுதியின் தங்குமிடங்களுக்கு அப்படியான சிறு கட்டிகள் நாளாந்தம் தேவைப்படுகின்றன. கடை வாடிக்கையாளரும் முதலில் சிறியதை வாங்கிப் பார்த்துப் பின்னர் பெரியதை வாங்குவார்.

இனி எமது பங்கு. ஒரு சகோதரி 30,000 ரூபாய் முதல் போட்டு ஒரு தொகுதி செய்கிறார் என்று வைப்போம். காய்வதற்கு 6 வாரம். கடைக்காரர் ஒரு வாரத்தில் காசு கொடுத்தால் 7 வாரத்தில் முதல் திரும்பும். வருடத்துக்கு 7 தடவை சுழலும். ஒரு சுழற்சிக்கு 20 வீத இலாபம் என்றால் வருடத்துக்கு 42,000 ரூபாய். "வித்த பொறகு தாறன்" என்று சொல்லி 8 வாரம் இழுத்தால் சுழற்சி 14 வாரமாகும். வருடத்துக்கு 3 தடவை முழுதாகச் சுழன்றால் பெரிய காரியம். இலாபம் 18,000 ரூபாய். பொருளும் அதே, விலையும் அதே, உழைப்பும் அதே. எமது தாமதத்தால் மட்டும் அந்த வீட்டுக்கு 24,000 ரூபாய் குறைகின்றது. கொழும்பு முகவர் வந்து நின்றால் அன்றே காசோலை எழுதும் நாம், எமது ஊர்ச் சகோதரிக்கு மட்டும் இரண்டு மாதத் தவணை சொல்வது எந்த நியாயம்?

சுனாமியின் பின்னரும், அதற்குப் பிந்திய நெருக்கடிகளின்போதும், எமது ஊர்களில் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை தையல், நெசவு, பலகாரம் போன்ற வீட்டுத் தொழில்களே. சவர்க்காரமும் அந்த வரிசையில் சேரலாம். அதற்கு வியாபாரிகளாகிய நாம் பெரிய தியாகம் செய்ய வேண்டியதில்லை. லேபல் இல்லாத பொருளை ஏற்காமல், என்ன குறை என்று சொல்லித் திருப்பி அனுப்புவோம். அடுத்த முறை லேபலோடு வந்தால் ஒரு டசினாவது வாங்குவோம். வாங்கிய கையோடு காசைக் கொடுப்போம். முடியாவிட்டால் ஒரு வாரத் தவணையை எழுதிக் கொடுத்து, அதை மீறாதிருப்போம். வெள்ளையாக்கும் கிறீம் தரும் இலாபத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் எமது ஊர்ச் சவர்க்காரத்தை வைப்போம். இந்த வாரமே தட்டில் அந்த ஒரு முழ இடத்தை ஒதுக்கிப் பாருங்கள்.